சாவி யார் கையில்?

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பைத் தமிழ்நாட்டார் பலரும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்காக அறிவார்கள். அக்கோயில் மண்டபத்துத் தூண்களில் நிற்கும் சிற்பங்களை ஒரு முறை கண்டவர் மறப்பதில்லை. தேய்பிறை அஷ்டமி தினங்களில் அங்குள்ள பைரவர் சந்நிதிக்கு ஜனங்கள் திரள் திரளாக வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தினத்தில் நாமும் அங்கே சென்றிருந்தோம். கோயிலின் அழகைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் பலர் உளர். நாம் எழுதப் போவது, தரிசனம் முடிந்து திரும்புகையில் கடைவீதியில் கண்ட ஒரு சிறு காட்சியைப் பற்றி.

செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றின் முன் இருவர் நின்றிருந்தனர். ஒருவர் பூ வியாபாரம் செய்யும் மாது. அவருடைய போனின் பாட்டரி உப்பி, பின் மூடியைத் தள்ளிக் கொண்டிருந்தது. "தம்பி, பாட்டரியை மட்டும் மாத்திக் கொடு" என்றார் அவர். கடைக்கார இளைஞர், "அக்கா, இதைத் திறப்பதற்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது முன் கண்ணாடி உடைந்தால் நான் பொறுப்பல்ல" என்றார். "உடைந்தால் கண்ணாடி என்ன விலை?" என்று மாது கேட்டார். விலையைக் கேட்டதும் போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அப்புறம் நகர்ந்தார்.

மற்றவர் ஒரு கிழவர். திண்டுக்கல்லில் ஆயுள் முழுவதும் பூட்டுச் செய்தவராம். பேரன் வாங்கிக் கொடுத்த போன், விரல் வைத்தால் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அவருடைய விரலை மட்டும் அது ஒப்புக் கொள்ளவில்லை. நாற்பது வருஷம் இரும்பை அரத்தால் ராவிய விரலில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? "ஊரார் பூட்டையெல்லாம் நான் செய்தேன். என் பூட்டு எனக்குத் திறக்கவில்லை, ஐயா" என்று நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

இருவருடைய குறையும் சிறு குறைகளே. ஆயினும் வீடு திரும்பும் வரையில் அவை நம் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் எழுகிறது. பணம் கொடுத்து ஒரு சாமானை வாங்கிய பிறகு, அதன் சாவி யார் கையில் இருக்கிறது?

பூட்டின் தர்மம்

இக்கேள்வியைக் கேட்பதற்குத் திண்டுக்கல் சீமையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திண்டுக்கல் பூட்டின் கீர்த்தியை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று அதில் எத்தனையோ வகை உண்டு. கையால் செய்யப்படும் இந்தப் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அலிகார் பூட்டுகளும் யந்திரப் பூட்டுகளும் மலிவாக வந்து குவிந்ததால் தொழில் நலிந்து, தொழிலாளர் தொகையும் சுருங்கிப் போன பிறகு கிடைத்த கௌரவம் அது.

பூட்டின் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள் இருக்கின்றன. லீவர் என்று அவற்றைச் சொல்லுவார்கள். ஒவ்வொன்றையும் ஒரு வில் அழுத்திக் கொண்டிருக்கிறது. சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்கும். ஒரு தகடு சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் தாழ் நகராது. தகடுகள் பெருகப் பெருகத் திருடனுக்குக் கஷ்டம் அதிகம். சாமர்த்தியம் முழுவதும் அன்னியனை வெளியே நிறுத்துவதற்காகச் செலவிடப்பட்டிருக்கிறது. உடையவனுக்கோ அதில் ஒரு சிரமமும் இல்லை. இருட்டில்கூடக் கை தடவிச் சாவியைப் போட்டுத் திருப்பினால் திறந்து கொள்ளும்.

பூட்டு விற்றவர் செய்யும் ஒரு காரியத்தையும் கவனிக்க வேண்டும். பூட்டோடு எத்தனை சாவிகள் உண்டோ அத்தனையையும் எண்ணி வாங்கினவன் கையில் கொடுத்துவிடுகிறார். தமக்கென்று ஒரு சாவியை அவர் வைத்துக் கொள்வதில்லை. வைத்துக் கொண்டதாகத் தெரிந்தால் மறுநாள் அவர் கடையில் ஈ கூட மொய்க்காது. வில் தளர்ந்தாலோ தகடு தேய்ந்தாலோ அவரிடமேதான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழில் தெரிந்த எந்தக் கம்மியரும் பிரித்துச் சரி செய்து கொடுக்கலாம். பாட்டனார் போட்ட பூட்டைப் பேரன் இன்றும் பூட்டித் திறக்கிறான்.

இப்பொழுது செல்போனைப் பாருங்கள். பூட்டின் ரகசியம் திருடனுக்கு எதிரானது. இதிலே அடைத்து வைத்திருக்கும் ரகசியங்களில் பல, வாங்கினவனுக்கே எதிரானவை. அவன் திறக்க முடியாதபடி பசை. திறந்தாலும் கழற்ற முடியாதபடி விசித்திரத் தலை கொண்ட திருகாணி. கழற்றி வேறு பாகத்தைப் பொருத்தினாலும், அப்பாகத்தின் எண் கம்பெனியின் கணக்கில் இல்லாவிடில், "இது அறியப்படாத பாகம்" என்று சில போன்கள் திரையில் எச்சரிக்கின்றன. சில வசதிகளை நிறுத்தியும் வைக்கின்றன. சாவிக் கொத்தில் ஒன்றைக் கடைக்காரர் தம் இடுப்பிலேயே செருகிக் கொண்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா?

வாங்கினோமா, குடியிருக்கிறோமா?

வக்கீல்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு, விற்றவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே கொள்ள வேண்டிய சில உறுதிகளைக் குறிப்பிடுகிறது. வாங்கினவன் அப்பொருளை இடையூறின்றி அனுபவித்து வருவான் என்பது அவற்றில் ஒன்று. மாட்டை விற்றவன் மறு வருஷம் வந்து அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

நவீன யந்திரங்களை விற்பவர்கள் இந்தத் தத்துவத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். உலோகத்தையும் கண்ணாடியையும் நமக்கு விற்கிறார்கள். அதற்கு உயிராக இருக்கும் மென்பொருளை மட்டும் விற்பதில்லை. உபயோகிக்க அனுமதி கொடுக்கிறார்கள். அந்த அனுமதியின் ஷரத்துகள் பல பக்கங்களுக்கு நீளுகின்றன. போனை முதல் முறை திறக்கும்போது "சம்மதம்" என்ற இடத்தில் விரலை வைத்தோமே, அன்றே கையெழுத்துப் போட்டாயிற்று. அதைப் படித்துவிட்டு விரல் வைத்தவர் நம் நேயர்களில் எத்தனை பேர்? சட்டம் படித்த நாமே படித்ததில்லை என்று ஒப்புக் கொள்கிறோம். வீட்டை வாங்கினோம் என்று நினைத்துக் குடி புகுந்தவன், சுவர் மட்டுமே தனது, கதவு வேறொருவருடையது என்று பிறகு அறிவதைப் போன்றது இது.

இது வெறுங் கற்பனை அல்ல. 2009-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அமேஸான் கம்பெனி தன் கிண்டில் கருவிகளில் ஒரு காரியம் செய்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களைப் பலர் விலை கொடுத்து வாங்கி அக்கருவியில் வைத்திருந்தார்கள். அவற்றை விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லையென்று தெரிந்ததும், வாங்கினவர்களைக் கேளாமலே, தூர தேசத்திலிருந்தபடி கம்பெனி அழித்துவிட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கம்பெனியின் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டுக் கொண்டார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, குடிகளின் நினைவையே சர்க்கார் அழித்துத் திருத்தும் கொடுமையைச் சொல்லும் '1984' என்ற நாவல். பதிப்பாளர் என்ற முறையில் நாம் ஒன்று சொல்லலாம். நாம் அச்சிட்ட புத்தகத்தில் எவ்வளவு பெரிய பிழை இருந்தாலும், வாங்கினவர் வீட்டு அலமாரியைத் திறந்து அதை எடுத்து வர நமக்கு அதிகாரமில்லை.

2017-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஆப்பிள் கம்பெனி மற்றொன்றை ஒப்புக் கொண்டது. பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமலிருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாகச் சொல்லிற்று. காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வேகம் குறைந்ததற்குப் பாட்டரியே காரணம் என்பது போனுக்கு உடையவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புதுப் பாட்டரி போட்டுக் கொண்டிருப்பார்கள். தெரியாததால் பலர் புதுப் போனே வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் மறைத்ததற்காகப் பிரெஞ்சு அதிகாரிகள் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தார்கள்.

கம்ப்யூட்டர்களின் கதையும் இதுவே. மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த சாதாரண ஆதரவை நிறுத்தியது. விரும்புவோருக்குச் சிறிது காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்வதற்குத் தனி ஏற்பாடு உண்டு. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட ஒரு பாதுகாப்புச் சில்லும் புதிய வகைப் பிராஸஸரும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். நேற்று வரை நன்றாக உழைத்த யந்திரம் கோடிக்கணக்கான மேஜைகளில் ஒரே நாளில் கிழடாகிவிட்டது. யந்திரத்தில் ஒரு கம்பியும் அறுந்து போகவில்லை. தூரத்தில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு மட்டும் மாறிற்று. லினக்ஸ் முதலிய சுதந்திர மென்பொருள்களைப் போட்டு அந்த யந்திரங்களில் பலவற்றை இன்னும் உழைக்கச் செய்யலாம் என்பது, திறக்க முடிந்த பொருளின் பெருமைக்கு ஒரு சாட்சி.

ஒரு லட்சம் ரூபாய்ப் பந்தயம்

யந்திரங்களையே வெறுக்கும் பழமைவாதியின் புலம்பல் இது என்று சிலர் நினைக்கக் கூடும். அப்படியல்ல. யந்திரத்தை எந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்கு நமக்கு ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. அவருடைய விஷயம் திண்டுக்கல்லுக்கு மிக அருகிலேயே வந்து சேருகிறது.

1924-ம் வருஷத்தில் சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் காந்தியடிகளைச் சந்தித்து, யந்திரங்கள் எல்லாவற்றையும் தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். அந்த உரையாடல் 'யங் இந்தியா' பத்திரிகையில் வெளிவந்தது. யந்திரத்தின்மேல் கொண்ட வெறியையே தாம் எதிர்ப்பதாகவும், ஸிங்கர் தையல் யந்திரத்தைப் போன்றவற்றுக்குத் தாம் விலக்கு அளிப்பதாகவும் காந்தியடிகள் கூறினார். மனைவி ஊசியோடு படும் பாட்டைக் கண்டு இரங்கிய ஒருவரின் அன்பில் அது பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாணவர்தாம் ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் அவரும் அவருடைய துணைவியார் டாக்டர் சௌந்தரமும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். திண்டுக்கல் சீமையார் தினந்தோறும் பஸ்ஸில் கடந்து செல்லும் இடம் அது.

காந்தியடிகள் அபிப்பிராயம் சொன்னதோடு நிற்கவில்லை. 1929-ல் அகில பாரதச் சர்க்கா சங்கம், மேம்பட்ட ராட்டினம் ஒன்றைச் செய்து தருபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று உலகறிய விளம்பரம் செய்தது. அதன் நிபந்தனைகளை இன்று படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ராட்டினம் லேசாகவும், எடுத்துச் செல்லத் தக்கதாகவும், சாதாரணக் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். ஒரு பெண் அதிக அலுப்பின்றி அதில் எட்டு மணி நேரம் வேலை செய்ய இயல வேண்டும். அந்த எட்டு மணியில் 16,000 கெஜம் நூல் தர வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். வருஷாந்தரப் பழுதுச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது.

அப்பரிசு ஒருவருக்கும் கிட்டவில்லை என்பது உண்மை. ஆனாலும் நிபந்தனைகள் வீண் போகவில்லை. நாடு விடுதலையடைந்த காலத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்ற தமிழர் பல கதிர்கள் கொண்ட புதிய ராட்டினம் ஒன்றை அமைத்தார். அவருடைய பெயரை ஒட்டியே அது அம்பர் சர்க்கா என்று பாரத தேசம் முழுவதும் பரவியது.

அந்த நிபந்தனைகளை யந்திரத்துக்குள்ளிருந்து ஒருவரும் எழுதவில்லை. உபயோகிக்கும் பெண்ணின் குடிசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவள் உடம்பு என்ன தாங்கும், அவள் பை என்ன தாங்கும், கெட்டுப் போனால் அவள் என்ன செய்வாள் என்பவையே அங்கே முதற் கேள்விகள். இன்றைய போன் விளம்பரங்களில் எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை ஜி.பி. என்று படிக்கிறோம். இருபது வருஷம் வேண்டாம். ஏழு வருஷம் உழைக்கும் என்றும், பழுதுச் செலவு விலையில் இத்தனை பங்குதான் என்றும் அட்டைப் பெட்டியில் அச்சிட்டு விற்கும் கம்பெனி எத்தனை? தாடிக்கொம்பில் நாம் கண்ட பூக்கார மாதுக்கு வேண்டியது அந்த இரண்டு வரிகளே.

கம்பெனிகளின் பதில்

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதுதான் முறை. மூடியை ஒட்டிவிட்டால் தண்ணீரும் தூசும் புகாது. போன் மெலிதாக இருக்கும். பாகங்களுக்கு எண் பொருத்தி வைத்தால், திருடிய போனைப் பிரித்து விற்பவர்களுக்குச் சந்தை இராது. லிதியம் பாட்டரியைத் தெரியாதவர்கள் குத்திப் பிரித்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. இவற்றை நாம் பொய் என்று தள்ளவில்லை.

ஆனால் இவற்றால் முடிவு வேறாகிவிடவில்லை. 2003-ல் வெளிவந்த நோக்கியா 1100 என்ற போனை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவைப் போன்ற தேசங்களின் தூசையும் இருட்டையும் மனத்தில் வைத்தே அதை அமைத்தார்கள். பொத்தான்களின்மேல் தூசு புகாத ரப்பர் உறை. தலையில் டார்ச் விளக்கு. பின்மூடியைக் கட்டை விரலால் தள்ளினால் பாட்டரி கையோடு வந்துவிடும். அந்தப் பாட்டரி பெட்டிக் கடையில்கூடக் கிடைத்தது. உலகில் 25 கோடிக்கு மேல் விற்றது அந்தப் போன். தண்ணீரில் போட்டால் கெட்டுப் போகும், உண்மைதான். ஆயினும் பாட்டரி தீர்ந்ததற்காக அதைக் குப்பையில் எறிந்தவர் ஒருவரும் இல்லை. அக்கம்பெனி நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொழிற்சாலை திறந்து 2014-ல் மூடிவிட்டுப் போனதும் நமக்குத் தெரிந்த கதையே. அதன் பிறகு அதே வட்டாரத்தில் நம் பெண்மக்கள் ஐபோன்களைப் பொருத்தி உலகுக்கு அனுப்பினார்கள். ஒன்றைப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு அதைத் திறக்க மட்டும் அருகதை இல்லை என்பது விந்தையான நியாயம்.

வெளிநாடுகளில் இந்த வாதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொருள்களை எவ்வளவு சுலபத்தில் பழுது பார்க்கலாம் என்பதற்கு மார்க்குப் போட்டுக் கடையில் காட்ட வேண்டும் என்ற விதியை 2021-ல் பிரான்ஸ் கொண்டு வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் ராஜ்யம், பாகங்களின் எண்ணைக் காட்டிப் பிறர் பழுது பார்ப்பதைத் தடுக்கும் வழக்கத்துக்கு 2024-ல் சட்டம் போட்டுத் தடை விதித்தது. ஐரோப்பிய யூனியன் விதிகளின்படி 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கைக் கருவிகளின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்றும் அங்கே சட்டமாகியிருக்கிறது. முடியாது என்று முன்பு சொன்ன கம்பெனிகள், அங்கே விற்பனை வேண்டுமானால், முடியும் என்றே சொல்லியாக வேண்டும்.

விரலும் மொழியும்

பூட்டுக்காரக் கிழவருடைய குறைக்கு இப்பொழுது வருவோம். விரல் ரேகையால் திறப்பது நல்ல வசதி, ரேகை உள்ளவனுக்கு. வயலிலும் பட்டறையிலும் தேய்ந்த விரல் ரேஷன் கடை யந்திரத்திலும் தகராறு செய்வதைப் பல ஊர்களில் காண்கிறோம். விரலைக் குறை கூறுவதைவிட, அந்த விரலை நினைத்துப் பாராமல் செய்த யந்திரத்தைக் குறை கூறுவதே நியாயம். உழைப்பாளியின் கை ஒரு தேசத்தில் விதிவிலக்காக இருக்கலாம். நம் தேசத்தில் அதுதான் விதி.

எல்லாவற்றையும் வழுவழுப்பான கண்ணாடியாக ஆக்கிவிடும் மோகத்திலும் நமக்கு நம்பிக்கையில்லை. பொத்தானுக்கு ஒரு குணம் உண்டு; கண் பாராமலே கை அதை அறிந்துகொள்ளும். மோட்டார்க் கார்களிலும் திரை வந்து பொத்தான்களை விழுங்கிவிட்டது. கார்களின் பத்திரத்தைச் சோதிக்கும் ஐரோப்பிய ஸ்தாபனமான யூரோ என்காப், முழு நட்சத்திரம் வேண்டுமானால் ஹாரன், துடைப்பான், திரும்பும் விளக்கு முதலிய சிலவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது பிடி இருக்க வேண்டும் என்று 2026-ம் வருஷத்து விதிகளில் சேர்த்தது. பழமைப் பிரியர்கள் சொன்னபோது கேலி செய்த உலகம், விபத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் சொன்னபோது கேட்டுக்கொள்கிறது.

இனி, மொழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மகாநாட்டில் 'தமிழ்99' என்ற விசைப்பலகை அங்கீகரிக்கப்பட்டது. உயிர் எழுத்துக்கள் இடக்கையிலும் மெய் எழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும்படி அமைந்தது அது. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்பதற்கு நான்கே தட்டு. தமிழின் இலக்கணத்தை அறிந்து செய்த நல்ல வேலைப்பாடு இது. போனில் அது ஒளிந்திருக்கும் இடத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தாய்க்குச் செய்தி அனுப்பும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். கம்பெனியை மட்டும் இதற்குக் குற்றஞ்சாட்ட மாட்டோம். சாவி நம் கையிலேயே இருந்தும் நாம் போட்டுத் திருப்பவில்லை.

செய்ய வேண்டியது

நம் தேசத்துச் சட்டம் அடியோடு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மோட்டார்க் கார்க் கம்பெனிகள் உதிரி பாகங்களைச் சுயேச்சையான பட்டறைக்காரர்களுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்த வழக்கில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டிக் கமிஷன் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அப்பீல்கள் தொடர்ந்தன என்றாலும், தத்துவம் நிலைநாட்டப்பட்டது. 2022 டிசம்பர் 24-ந் தேதி மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுபார்ப்பு மதிப்பெண் பற்றி ஆராய 2024-ல் கமிட்டி அமைக்கப்பட்டு, 2025-ல் அறிக்கையும் வந்தது. இணையதளமும் அறிக்கையும் நல்லவையே. எனினும், கம்பெனிகள் மனம் இருந்தால் செய்யலாம் என்ற நிலையில் உள்ள நன்மை, தாடிக்கொம்புக் கடைவீதி வரையில் நடந்து வருவதில்லை. அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். மதிப்பெண் பெட்டியின்மேல் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும்.

ராஜ்ய சர்க்காரின் கையில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று உண்டு. அது சட்டம்கூட அல்ல, வியாபாரம். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக் கணினிகள் வழங்கப்பட்டன. அவ்வளவு பெரிய தொகையாக வாங்குகிறவர் எதைக் கேட்டாலும் விற்பவர் கேட்பார். சர்க்கார் பணத்தில் வாங்கும் எந்தக் கருவியும் சாதாரணத் திருப்புளியால் திறக்கத் தக்கதாகவும், பாட்டரி மாற்றத் தக்கதாகவும், இத்தனை வருஷத்துக்கு உதிரி பாகம் உண்டு என்ற எழுத்து மூலமான உறுதியோடும் இருக்க வேண்டும் என்று டெண்டரில் நான்கு வரி சேர்த்தால் போதும். தொழிற் பயிற்சி நிலையங்களில் பழுது பார்ப்பதை மதிப்புள்ள தொழிலாகக் கற்பிக்கட்டும். கடைவீதி இளைஞர்கள் யாரும் சொல்லித் தராமலே கற்ற வித்தை அது. முறையாகக் கற்பித்தால் எவ்வளவு உயரும்!

வாங்குகிறவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேட்போம். பாட்டரியை மாற்ற என்ன செலவு? எத்தனை வருஷத்துக்கு மென்பொருள் திருத்தம் வரும்? உதிரி பாகம் நம் ஊரில் கிடைக்குமா? கடைக்காரர் விழிப்பார். நூறு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். லட்சம் பேர் கேட்டால் கம்பெனி கேட்கும். அன்னியத் துணி வேண்டாம் என்று சொன்ன ஜனங்களுக்கு இதைச் சொல்லுவது பெரிய காரியமல்ல.

அந்தப் பூக்கார மாது உப்பிய பாட்டரியோடு எத்தனை நாள் காலந்தள்ளினாரோ, நாம் அறியோம். அத்தகைய பாட்டரியை மடியில் வைத்திருப்பது அபாயம் என்பதைக்கூட அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அவருடைய வியாபாரக் கணக்கும், பணம் வந்ததைச் சொல்லும் குரலும், பட்டணத்தில் படிக்கும் பிள்ளையின் முகமும் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. அது செத்தால் அவருடைய கடை பாதி மூடினதுபோல்தான். இத்தனையையும் ஒரு சாமானுக்குள் வைத்துப் பூட்டிக் கொடுக்கும் கம்பெனியார், திண்டுக்கல் பூட்டுக்காரரிடம் ஒரு பாடம் கற்க வேண்டும். எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் பூட்டுங்கள். ஆனால் விற்ற பிறகு, சாவி முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.